மூன்று புள்ளி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் கூட்டத்தில் நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் ஆசிரியர்கள். ஒருவர் கணிதம். ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார், எங்களை விட மூத்தவர், அதனால் எல்லோருக்கும் நானா. மற்றவர் பல வருடம் கட்டாரில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த மச்சான். நாலு பேருக்கும் பொதுவான ஒரே விஷயம் கார் ரேஸ்.

நம் நாட்டில் ரேஸ் என்றால் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றம், தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் என்று சொல்வார்கள். அவற்றையும் பேசுவோம். ஆனால் நாங்கள் கூடி உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் போய் நிற்பது அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில், செனெகா ஏரிக்குத் தெற்கே இருக்கும் வட்கின்ஸ் கிளென் என்ற சின்ன ஊரில்தான். 2012 ஓகஸ்ட் 12ஆம் திகதி அங்கே நடந்த நாஸ்கார் ரேஸ். 90 சுற்று. அதில் 89 சுற்றை மறந்துவிடலாம். கடைசிச் சுற்றை மட்டும் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதை நேரடியாகப் பார்க்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. நம் நாட்டில் அது நோன்பின் கடைசிப் பத்து இரவுகளில் ஒன்று. பெருநாள் முடிந்த பிறகுதான் கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் லெப்டொப்பில் அந்தக் கடைசிச் சுற்றைக் கொண்டுவந்து காட்டினார். கராஜில் வேலை நின்றுவிட்டது. மூன்று தரம் போட்டுப் பார்த்தோம். நாலாம் தரம் நானா சொன்னார், "மெதுவா ஓட விடுங்க, அந்த முதல் வளைவுல என்ன நடந்ததுண்டு பார்ப்பம்."

நாஸ்கார் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு நம் வீதியில் ஓடும் கார் மாதிரி இருக்கும். அந்த வருடம் டொயோட்டா கெம்ரி, ஃபோர்ட் பியூஷன், டொட்ஜ் சார்ஜர் எல்லாம் ஓடின. ஆனால் வெளி உருவம் மட்டும்தான் அப்படி. உள்ளே இரும்புக் குழாய்க் கூடு, எண்ணூறு குதிரைவலுவுக்கு மேற்பட்ட இன்ஜின், ஏறத்தாழ ஒன்றரைத் தொன் பாரம். இந்தக் கார்கள் பெரும்பாலும் முட்டை வடிவப் பாதையில் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடுபவை. 2012இல் நடந்த 36 ரேஸில் இரண்டு மட்டும்தான் வளைவும் நெளிவுமான பாதையில் நடந்தன. ஒன்று கலிபோர்னியாவில் சொனோமா, மற்றது வட்கின்ஸ் கிளென். இடமும் வலமும் திருப்ப வேண்டும், கியர் மாற்ற வேண்டும், ஏற்றமும் இறக்கமும் வேறு. பாரமான காரை அப்படி ஓட்டுவது லேசான வேலை அல்ல. நானாவின் வார்த்தையில் சொன்னால், லொறியைக் கொண்டுபோய் முடுக்குக்குள் ஓட்டப் பந்தயம் வைத்த மாதிரி.

வட்கின்ஸ் கிளென் பழைய இடம். 1948இல் ஊர் வீதியிலேயே ரேஸ் நடத்தத் தொடங்கினார்கள். 1956இல் தனிப் பாதை அமைத்தார்கள். 1961 முதல் 1980 வரை அமெரிக்காவின் ஃபோர்முலா வன் ரேஸ் அங்கேதான் நடந்தது. நாஸ்கார் 1957இல் முதல் தரம் வந்தது, பிறகு விட்டு விட்டு வந்து, 1986இலிருந்து நிலையாக வந்தது. நாஸ்கார் ஓடும் பாதை 2.45 மைல், கிட்டத்தட்ட நாலு கிலோமீற்றர். முதல் வளைவு வலது பக்கம், இறக்கத்தில் வருவது. அதைக் கடந்ததும் பாதை பாம்பு மாதிரி நெளிந்து மேலே ஏறும். எங்கள் கதையின் பாதி அந்த முதல் வளைவில்தான் நடக்கிறது.

இனி அந்தக் கடைசிச் சுற்று. முன்னால் 18ஆம் இலக்க டொயோட்டாவில் கைல் புஷ். அடுத்து 2ஆம் இலக்க டொட்ஜில் பிராட் கெசலோவ்ஸ்கி. மூன்றாவதாக 9ஆம் இலக்க ஃபோர்டில் மார்கோஸ் அம்புரோஸ். இவர் அமெரிக்கர் அல்ல, அவுஸ்திரேலியாவின் டஸ்மேனியாவைச் சேர்ந்தவர். சொந்த நாட்டில் இரண்டு தரம் சம்பியனாகிவிட்டு, எல்லாவற்றையும் விட்டு அமெரிக்கா வந்து புதிதாகத் தொடங்கியவர்.

பிரச்சினை என்னவென்றால், பின்னால் ஓடிய ஒரு கார் பாதையில் ஒயில் சிந்திக்கொண்டு போயிருந்தது. ஓட்டுநர்கள் ரேடியோவில் ஒயில் ஒயில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் கொடி காட்டப்படவில்லை. முதலில் போகிறவருக்குத்தான் இது மிகப் பெரிய ஆபத்து. பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் கார் எங்கே வழுக்குகிறது என்று பார்த்து ஒதுங்கலாம். முன்னால் போகிறவருக்குப் பார்க்க யாரும் இல்லை.

முதல் வளைவில் கைல் புஷ் வழுக்கி அகலப் போனார். கெசலோவ்ஸ்கி உள்பக்கத்தால் நுழைந்தார். இரண்டு காரும் உரச, புஷ்ஷின் கார் சுழன்று போனது. அவ்வளவுதான், அவருடைய ரேஸ் அங்கேயே முடிந்தது. கேமரா அவரை விட்டுவிட்டு முன்னால் போகிறது. நாங்களும் அதோடு போய்விடுகிறோம்.

ஏனென்றால் அதற்குப் பிறகு நடப்பதிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. தூரத்தில் வந்த அம்புரோஸ் கெசலோவ்ஸ்கியை எட்டிப் பிடிக்கிறார். பாதை முழுக்க வழுக்கல். இரண்டு பேரும் தார்ப் பாதையை விட்டு வெளியே போகிறார்கள், திரும்பி வருகிறார்கள், இடிக்கிறார்கள், முந்துகிறார்கள், திரும்பவும் பின்னுக்குப் போகிறார்கள். ஒருவரும் காலை எடுப்பதாக இல்லை. கடைசி வளைவுகளில் அம்புரோஸ் முன்னுக்கு வந்து, ஒரு விநாடி கூட இல்லாத இடைவெளியில் வெற்றிக் கோட்டைக் கடக்கிறார். கெசலோவ்ஸ்கி இரண்டாவது. ஜிம்மி ஜோன்சன் மூன்றாவது. கைல் புஷ் ஏழாவது.

இதை நாஸ்காரின் மிகச் சிறந்த கடைசிச் சுற்றுகளில் ஒன்றாகச் சொல்வார்கள். எங்களுக்கும் அதில் சந்தேகம் இல்லை. தோற்ற கெசலோவ்ஸ்கியும் வென்ற அம்புரோஸும் முடிந்த பிறகு சண்டை பிடிக்கவில்லை, சந்தோஷமாகத்தான் பேசினார்கள்.

எங்களுக்குள் மட்டும் சண்டை ஓயவில்லை. நானாவின் கட்சி இது: "ஒயில் கொட்டிக் கிடக்கு. கொடி காட்டாம என்னத்தப் பார்த்துக்கிட்டு இருந்தானுகள்?" கடைசிச் சுற்று தொடங்கிய பிறகு மஞ்சள் கொடி காட்டினால், அந்த நேரத்தில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்களோ அதோடு ரேஸ் முடிந்துவிடும். முதல் வளைவுக்கு முன்னால் கொடி விழுந்திருந்தால் வெற்றி கைல் புஷ்ஷுக்கு. மச்சான் விடமாட்டார். "அப்படிக் கொடி காட்டி இருந்தா, இப்ப நாம உட்கார்ந்து பேச என்ன இருக்கு?" என்பார். இரண்டுமே உண்மை. கொடி விழுந்திருந்தால் அந்தச் சுற்றை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். விழாததால் எங்களுக்கு ஒரு கதை கிடைத்தது, ஒரு மனிதருக்குக் கையிலிருந்த வெற்றி போனது.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் கணித சேர்தான் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் முதல் 26 ரேஸ் முடிந்ததும் 12 பேர் மட்டும் சம்பியன் போட்டிக்குத் தெரிவாவார்கள். புள்ளிப் பட்டியலில் முதல் பத்துப் பேர் நேரடியாக. 11 முதல் 20 வரை உள்ளவர்களில் அதிக வெற்றி பெற்ற இரண்டு பேர் மேலதிகமாக. வெற்றி சமமாக இருந்தால் புள்ளி பார்ப்பார்கள். வட்கின்ஸ் கிளென் 22ஆவது ரேஸ். 26ஆவது ரேஸ் முடிந்தபோது கடைசி இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள், ஜெஃப் கோர்டனும் கைல் புஷ்ஷும். இருவருக்கும் தலா ஒரு வெற்றி. கோர்டன் மூன்று புள்ளி கூட. கோர்டன் உள்ளே, புஷ் வெளியே.

மூன்றே மூன்று புள்ளி. வெற்றிக்கு 43 புள்ளியும் மேலதிகமாக 3 புள்ளியும், மொத்தம் 46. ஏழாம் இடத்துக்கு 37. ஒரு வளைவில் ஒன்பது புள்ளி போனது. புள்ளியை விடுங்கள், அங்கே வென்றிருந்தால் அவருக்கு இரண்டு வெற்றி. கோர்டனோடு ஒப்பிட வேண்டிய தேவையே வந்திருக்காது. அதே வருடம் சம்பியன் யார் தெரியுமா? அவரை உரசிக்கொண்டு போன கெசலோவ்ஸ்கி.

கணித சேர் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா 26 ரேஸ் ஓடி இருக்காங்க. மத்த எந்த ரேஸ்லயும் நாலு இடம் முன்னுக்கு வந்திருந்தாலும் அந்த மூணு புள்ளி தீர்ந்திருக்கும். ஒயில்தான் காரணம்டு ஒரேயடியாச் சொல்லவும் ஏலாது" என்றார். அதுவும் சரிதான். புள்ளி எங்கே போனது என்று ஒரு இடத்தைக் காட்ட முடியாது. ஆனால் அன்றைய நாள் முன்னால் ஓடியவர் அவர்தான் என்பதையும் எந்தப் பட்டியலாலும் அழிக்க முடியாது.

இந்தப் பழைய ரேஸை இப்போது ஏன் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் முகநூல் முழுக்கப் படங்கள். மாலை போட்ட பிள்ளைகள், பெனர், வாழ்த்து. சந்தோஷம்தான், அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள். நாங்களும் லைக் போடுகிறோம். ஆனால் வகுப்பில் நிற்கும் எங்களுக்கு மற்றப் பட்டியலும் தெரியும். இருநூறு புள்ளிக்கு எழுதி, வெட்டுப்புள்ளிக்கு இரண்டு குறைந்த பிள்ளை. ஒன்று குறைந்த பிள்ளை. பத்து வயது. பரீட்சையன்று காய்ச்சலோடு வந்து எழுதிய பிள்ளையும் உண்டு. இன்னொரு மாவட்டத்தில், இன்னொரு மொழியில் எழுதியிருந்தால் வெட்டுப்புள்ளியே வேறாக இருந்திருக்கும். கேமரா அவர்களை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறது.

ஒரு வாப்பா பாடசாலை கேட்டடியில் நின்று, "சேர், இவன் ஃபெயில்தானே?" என்று பிள்ளைக்கு முன்னாலேயே கேட்டார். பிள்ளை கீழே பார்த்துக்கொண்டு நின்றது. அது சித்தி பெறாத பரீட்சை அல்ல, தெரிவுப் பரீட்சை, வெட்டுப்புள்ளி என்பது ஆசனக் கணக்கு என்று எவ்வளவு விளக்கினாலும் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்க முடியாது.

எங்கள் கூட்டத்தில் இதைப் பேசியபோது மச்சான், "கைல் புஷ்ட கதையச் சொல்லுங்க பிள்ளைகளுக்கு" என்றார். சொல்ல நிறைய இருக்கிறது. அடுத்த வருடம், 2013இல், அதே வட்கின்ஸ் கிளெனில் வென்றது கைல் புஷ். இரண்டாவது வந்தது அதே கெசலோவ்ஸ்கி. 2015இல் சீசன் தொடக்கத்திலேயே டேடோனாவில் சுவரில் மோதி ஒரு காலும் மற்றக் காலின் பாதமும் உடைந்து, 11 ரேஸ் ஓட முடியாமல் கிடந்து, திரும்பி வந்து அந்த வருடமே சம்பியன் ஆனார். 2019இல் இன்னொரு தரம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணித சேர் கேட்ட கேள்வி எங்களை யோசிக்க வைத்தது. "பிறகு வென்றாருண்டு சொல்றது லேசு. வெல்லாமலே போயிருந்தா? அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்றது?"

அதற்குப் பதில் அம்புரோஸிடம் இருக்கிறது என்று நினைக்கிறோம். 2010இல் சொனோமாவில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், மஞ்சள் கொடி நேரத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்தினார். ஏற்றத்தில் கார் திரும்பக் கிளம்பவில்லை. கையில் இருந்த வெற்றி ஜிம்மி ஜோன்சனுக்குப் போனது. அடுத்த வருடம் வட்கின்ஸ் கிளெனில் தனது முதல் வெற்றி. 2012இல் நாம் பேசுவது இரண்டாவது. அதுவே கடைசியும். 2014 சீசனோடு அவுஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போய்விட்டார். பட்டியலில் பார்த்தால் இரண்டே வெற்றி. ஆனாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு, அவர் கேள்விப்பட்டிராத ஒரு ஊரில், ஒரு கராஜில், நாலு பேர் அவர் வளைவு எடுத்த விதத்தைக் கையை ஆட்டிக் காட்டிப் பேசுகிறோம். வெற்றி எத்தனை என்று நாங்கள் எண்ணுவதே இல்லை. எப்படி ஓட்டினார் என்பதுதான் பேச்சு.

பிள்ளைகளிடமும் அதைத்தான் கேட்க வேண்டும். எத்தனை புள்ளி என்று ஊரே கேட்டுவிட்டது. எப்படிப் படித்தாய், எந்தப் பாடம் பிடித்தது, எந்தக் கணக்கில் தடுமாறினாய், அதை இப்போது செய்யத் தெரியுமா என்று வீட்டில் ஒருவர் கேட்டால் போதும். பாராட்டு விழா வைக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்தால்கூடப் போதும். சித்தியடைந்த பிள்ளையின் மதிப்பு அதனால் குறையாது.

உங்கள் வீட்டில் இந்த வருடம் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை இருந்தால், இன்றிரவு பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கடைசிச் சுற்றைக் காட்டுங்கள். யூடியூபில் கிடைக்கும். அம்புரோஸ் வெல்வதைப் பார்த்து கைதட்டட்டும். பிறகு பின்னுக்கு ஓட்டி, சுழன்று நின்ற 18ஆம் இலக்கக் காரையும் காட்டுங்கள். அது அங்கேயே நிற்கவில்லை. திரும்பிக் கிளம்பி, ஓடி, ஏழாவதாக வந்து முடித்தது.