வெங்காயத்துக்கு வெட்டிய ஒரு மார்க்

இருபத்தாறு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். செல் பாடத்துக்கு என் நோட்ஸைப் பக்கத்துப் பள்ளிக்காரர்களும் கேட்டு வாங்கிப் போவார்கள். அந்தப் பாடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். ஒரு தடவை கைதவறிச் செய்ததென்றால் இதை எழுத வேண்டியதே இல்லை. வருடா வருடம் தெரிந்தே செய்தேன்.

என் வகுப்பில் செல் என்பது கரும்பலகையில் ஒரு வட்டம். நடுவில் உட்கரு, ஓரத்தில் அவரை விதை மாதிரி மைட்டோகாண்ட்ரியா, அடுக்கி வைத்த தோசை மாதிரி கோல்கை உறுப்பு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு இழுத்து முனையில் பெயர் எழுதுவேன். பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் பத்துப் பத்துத் தடவை எழுதிக் கொண்டுவர வேண்டும். மைட்டோகாண்ட்ரியா என்றால் ஆற்றல் மையம், லைசோசோம் என்றால் தற்கொலைப் பை. ஒரு பையன் எழுந்து, "செல் ஏன் டீச்சர் தற்கொலை பண்ணிக்கணும்?" என்று கேட்டான். "அதெல்லாம் பதினொண்ணாவதுல வரும், உட்காரு" என்றேன்.

தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது என்று அவனைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்த வாலின் செல்களைக் கரைத்துச் செரிப்பதில் லைசோசோமுக்குள் இருக்கும் நொதிகளுக்குப் பங்கு உண்டு. பள்ளிக்குப் பின்னாலேயே குட்டை இருந்தது, மழைக்காலத்தில் தலைப்பிரட்டை நிறைந்து கிடக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். சொன்னால் பத்து நிமிடம் போகும், அதற்குள் நாலு ஒரு மார்க் கேள்வி எழுதிப் போட்டுவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

பெயர்களையாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. 1898இல் கார்ல் பெண்டா வைத்த பெயர் மைட்டோகாண்ட்ரியா. கிரேக்கத்தில் இழை, மணி என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இழைமணி என்றே இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், எழுத்துப்பிழைக்காக அடி வாங்கின பிள்ளைக்கு அது பார்க்க எப்படி இருக்கும் என்றாவது பிடிபட்டிருக்கும். 1665, ராபர்ட் ஹூக் என்று மனப்பாடம் பண்ண வைத்தேன். அவர் தக்கைச் சீவலில் பார்த்தது செத்துப்போன செல்களின் வெறும் சுவர்களை, அந்த வெற்று அறைகளுக்குத்தான் செல் என்று பெயர் வைத்தார் என்பதை ஒரு வருடமும் சொன்னதில்லை.

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தது. மரப்பெட்டிக்குள், பீரோவில், சாவி என் கைப்பையில். லென்ஸ் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பயம் கொஞ்சம் உண்டுதான். பெரிய காரணம் வேறு. எனக்கு அதைச் சரியாக ஃபோகஸ் பண்ணத் தெரியாது. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு முழுக்க சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து வரைந்தவள் நான். பிள்ளைகள் முன்னால் குனிந்து பார்த்து, ஒன்றும் தெரியாமல் நிமிர வேண்டி வருமே என்று பயந்தேன்.

ஒரு தேர்வில், வெங்காயத் தோல் செல்லை வரைந்து பாகங்களைக் குறி என்று கேட்டிருந்தேன். ஒரு பெண் செங்கல் அடுக்கினாற்போல நீளக் கட்டங்களாக வரைந்திருந்தாள். உள்ளே பெரிய நுண்குமிழ், அது தள்ளினதில் ஓரம் ஒதுங்கிய உட்கரு. பசுங்கணிகம் இல்லை. ஐந்துக்கு நாலு போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வெங்காயம் மண்ணுக்குள்ளதானே டீச்சர் இருக்கு? உள்ள பச்சையே இல்லையே?"

"தாவர செல் படத்துல பசுங்கணிகம் இருக்கா இல்லையா? புக்குல உள்ளத வரை."

அவள் பேசாமல் போய்விட்டாள். நுண்ணோக்கியைத் தொட்டே பார்க்காத பிள்ளை, வீட்டில் வெங்காயம் உரித்த கையோடு சரியாக யோசித்திருக்கிறது. அவள் சொல்வது சரி என்று அப்போதே எனக்கு உறைத்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, போட்ட மார்க்கைத் திருத்த மனம் வரவில்லை.

ஏழு வருடம் கழித்து, பி.எட். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பீரோச் சாவி கேட்டாள். மூன்று நாள் சாக்குச் சொல்லிவிட்டுக் கொடுத்தேன். வெங்காயத்தின் உள்மடலிலிருந்து மெல்லிய தோலை இடுக்கியால் உரித்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு விட்டாள். காற்றுக்குமிழ் புகாமல் ஊசி முனையில் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினாள். "மேடம், நீங்க முதல்ல பாருங்க" என்றாள்.

இளஞ்சிவப்பில் செங்கல் வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓரம் ஒதுங்கின ஒரு புள்ளி. ஸ்லைடை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. அன்று தாளை எடுத்துக்கொண்டு வந்த பெண் வரைந்த படம் அப்படியே அங்கே இருந்தது.

அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்திருந்தாள். என்னால்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. போன வருடம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன், இடுப்பில் குழந்தை. "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று அவளே வந்து கேட்டாள். குழந்தையின் பெயரைக் கேட்டேன், கன்னத்தைத் தொட்டேன், வீடு எங்கே என்று விசாரித்தேன். அவள் பேருந்து வர அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நின்றும், அந்த ஒரு மார்க்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.