சி6 என்றால் சி6 தானே!

மக்களே, எது டெபிட், எது கிரெடிட் என்று இன்னமும் விரல்விட்டு யோசிக்கிற ஒரு பி.காம். மாணவன், கியர்பாக்ஸைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க. இந்தப் பாடத்துக்கு 300 டாலர் ஃபீஸ் கட்டியாச்சு. அதுவும் மாமா பணத்தில்.

எட்மன்டனில் மாமா வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன். அவரிடம் 1976 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்று இருக்கிறது. என்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வயசு. பெயின்ட் அடிக்கப் போகும்போது ஏணி, டப்பா எல்லாம் அதில்தான் போகும். போன செப்டம்பரில் அதற்கு ரிவர்ஸ் போய்விட்டது. முன்னால் போகும், பின்னால் வராது. யார் வீட்டு வாசலிலாவது நுழைத்துவிட்டால், வெளியே எடுக்க ரெண்டு பேர் தள்ளணும். பனி விழ ஆரம்பித்தால் தள்ளவும் முடியாது.

அந்த வண்டியில் இருப்பது சி6 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். 1966 மாடல் கார்களிலிருந்து ஃபோர்டு போட்ட கெட்டியான சரக்கு. "கணக்கு படிக்கிறவன், நீயே பேரம் பேசி ஒரு பழசு வாங்கிட்டு வா மாப்ளே" என்று மாமா பணத்தைக் கொடுத்தார். 1978 எஃப்-150இலிருந்து கழற்றிய சி6 ஒன்று விலைக்கு வந்தது. நானும் சும்மா வாங்கவில்லை. 4x4 வண்டியின் சி6இல் பின்பக்க ஷாஃப்ட் வேறு என்று படித்திருந்தேன். அதனால் "இது டூ வீல் டிரைவ் தானே?" என்று கெத்தாகக் கேட்டேன். ஆமாம் என்றார். பேரம் பேசி 300க்கு முடித்தேன். எந்த எஞ்சினிலிருந்து கழற்றியது என்று கேட்கவே இல்லை.

ராத்திரி கராஜில் பழசை இறக்கி, புதுசைப் பக்கத்தில் வைத்ததும் மாமா டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

விஷயம் இதுதான். எஞ்சினோடு சேரும் மணி மாதிரி விரிந்த வாய், சில கியர்பாக்ஸ்களில் தனித்துண்டாக இருக்கும். எஞ்சினுக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளலாம். சி6இல் அது உடம்போடு சேர்த்தே வார்த்த அலுமினியம். அதனால் எஞ்சின் குடும்பத்துக்குத் தக்கபடி சி6இன் வாயும் வேறு வேறு. 360, 390 போன்ற எஃப்.இ. எஞ்சின்களுக்கு ஒன்று. 302, 351 டபிள்யூ, 300 ஆறு சிலிண்டர் ஆகியவற்றுக்கு ஒன்று. 429, 460, 351 எம், 400 ஆகியவற்றுக்கு இன்னொன்று. 351 என்ற ஒரே எண்ணில் டபிள்யூவுக்கு ஒரு வாய், எம்முக்கு வேறு வாய்! பேர் வைத்தவர்களை என்ன சொல்ல?

மாமா வண்டியில் 390. ஆனால் 1977இலேயே எஃப்-150இல் எஃப்.இ.க்குப் பதில் 351 எம்மும் 400உம் வந்துவிட்டன. நான் வாங்கியது அந்த ரகம். வண்டி பேரும் அதே, கியர்பாக்ஸ் பேரும் அதே, போல்ட் துளை மட்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை.

அடுத்த வீட்டு செவர்லேக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவருக்கென்ன! 1955இல் வந்த ஸ்மால் பிளாக் வி8, 1965இல் வந்த 396 பிக் பிளாக், 250 ஆறு சிலிண்டர், எல்லாவற்றின் முதுகிலும் ஒரே துளை அமைப்பு. ஆனால் அங்கேயும் பொறி உண்டு. 1986இல் ஸ்மால் பிளாக்கின் பின்பக்க ஆயில் சீல் மாறியது. கூடவே கிராங்கின் போல்ட் வட்டமும் மாறியது. கியர்பாக்ஸ் அழகாக உட்காரும், நடுவில் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் அந்தந்த வருஷத்துடையதாக இல்லாவிட்டால் சேராது. ப்யூக், போன்டியாக் எஞ்சின்களுக்கு (அதே கம்பெனிதான்!) அந்தக் காலத்தில் துளையே வேறு.

சரி, நம்ம கதைக்கு வருவோம். "இந்த 300 சங்க் காஸ்ட் மாமா, போனது போனதுதான்" என்று வகுப்பில் படித்ததை எடுத்துவிட்டேன். மாமா முறைத்தார். "போகல. வாய்தான் வேற, வயிறு ஒண்ணுதான்" என்றார். சி6களின் உள்பாகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ரெண்டு வார இறுதிகள் உட்கார்ந்து, நான் வாங்கியதன் குடலை உருவி எங்கள் பழைய கூட்டுக்குள் வைத்தோம். கிளட்ச் தட்டுகள், சீல்கள் மட்டும் புதுசு. அதற்கு இன்னொரு 180 டாலர். டார்க் கன்வர்ட்டர் மட்டும் 390உடையதே. அது கிராங்கின் நடுக்குழியில் பொருந்த வேண்டிய சாமான், அதில் மாற்றிப் பார்க்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. கழற்றிய வாஷர்களை வரிசை மாறாமல் செய்தித்தாளில் அடுக்கி, நம்பர் எழுதியது மட்டும் என் வேலை. லெட்ஜர் எழுதிப் பழகிய கை அங்கேதான் உதவியது.

முதல் பனி விழுந்த அன்று காலை மாமா ரிவர்ஸ் போட்டார். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. தெரு வரைக்கும் போய் நிறுத்தி, "ஏறு, காலேஜ்ல விடுறேன்" என்றார்.

காலிக் கூடு இன்னும் கராஜ் மூலையில்தான் கிடக்கிறது. யாருக்காவது வேணும்னா 50 டாலருக்குத் தருகிறேன். எந்த எஞ்சின் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்க.