நம் கைப்பேசியில் நம் மாணவர்கள்



ஆசிரியரின் கைப்பேசி அவருடைய சொந்தப் பொருள். ஆயினும், அதனுள் இருப்பவை எல்லாம் அவருக்கே உரியவை அல்ல. வகுப்புப் பெயர்ப்பட்டியல், மாணவர்களின் அடையாள எண்கள், பெற்றோரின் தொலைபேசி எண்கள், உதவித் திட்டங்களுக்காகத் திரட்டிய குடும்ப வருமான விவரங்கள், மருத்துவச் சான்றிதழ்களின் படங்கள் எனப் பிறர் நம்பிக் கொடுத்தவையே அதில் மிகுதி. அவற்றைக் காப்பதும் ஆசிரியப் பணியின் ஒரு கூறு என்றே நான் கருதுகிறேன்.

கடந்த ஆண்டு, எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரின் வாட்ஸ்அப் கணக்கு களவாடப்பட்டது. "உங்களுக்குத் தவறுதலாக வந்த ஆறு இலக்க எண்ணை அனுப்புங்கள்" என்று, அறிந்தவர் ஒருவரின் பெயரில் செய்தி வந்திருக்கிறது, அவரும் அனுப்பிவிட்டார். சிறிது நேரத்தில் அவர் பெயரால் பெற்றோர்களுக்குப் பணம் கேட்டுச் செய்திகள் பறந்தன. தொழிற்சாலையில் பணிபுரியும் தாய் ஒருவர், கேட்பவர் ஆசிரியை ஆயிற்றே என்று 200 ரிங்கிட்டை அனுப்பிவிட்டார். ஆசிரியர்மீது அத்தாய் வைத்திருந்த மதிப்பே திருடனுக்குக் கருவியாயிற்று.

இதற்குத் தடுப்பு மிக எளிது. வாட்ஸ்அப் அமைப்புகளில், கணக்கு என்னும் பகுதியில் இரு படிச் சரிபார்ப்பு உள்ளது. அங்கு நாமே ஒரு மறையெண்ணை அமைத்துக்கொண்டால், குறுஞ்செய்தியில் வரும் எண்ணை மட்டும் பெற்றவரால் கணக்கைத் திறக்க இயலாது. இரண்டு நிமிட வேலைதான்.

அடுத்தது கடவுச்சொல். நம் நாட்டு அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பிறந்தநாள் வாழ்த்தும் பிறந்த ஊரும் முகநூலில் இருந்தால், எட்டு இலக்கங்கள் ஏற்கெனவே வெளியாகிவிட்டன! அந்த எண்ணையே பிள்ளைகளின் கடவுச்சொல்லாக வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து, ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்தனியாக நீண்ட கடவுச்சொல் அமைப்பதே நன்று. நினைவில் நில்லாவிட்டால், வீட்டில் பத்திரமான குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். ஆசிரியர் அறைக் கணினித் திரையில் ஒட்டி வைப்பதுதான் ஆகாது.

அந்தக் கணினி பலருக்கும் பொதுவானது. எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். உலாவி, "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்போம். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுவோம்.

புலனக் குழுவில் பட்டியலைப் பகிருமுன், அடையாள எண் நிரலையும் வருமான நிரலையும் நீக்கிவிடுவது என் வழக்கம். முப்பது பெற்றோருக்கு அனுப்பிய கோப்பு முப்பது கைப்பேசிகளில் தங்கிவிடும். பிறகு அதனை முழுமையாகத் திரும்பப் பெற இயலாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. ஆகவே, பள்ளியில் நம் பழக்கமே முதற்காவல்.

பாடத்துணைப் பொருள்களை விரலி ஒன்றில் மட்டும் வைத்திருப்போரும் உளர். விரலி தொலையும், பழுதாகும். மற்றொரு படி வீட்டிலும், இன்னொன்று மேகச் சேமிப்பிலும் இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருமண அழைப்பிதழ் என்று சொல்லி ஏபிகே கோப்பு வந்தால் நிறுவாதீர்கள். அழைப்பிதழைப் படிக்கச் செயலி தேவையில்லை. ஆசிரியர் பணம் கேட்டதாகச் செய்தி வந்தால், பள்ளிக்கு நேரடியாக அழைத்துக் கேளுங்கள், நாங்கள் வருந்தமாட்டோம். பணம் பறிபோனால், உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் கைமாறுமுன் தடுக்க, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பிள்ளைகளுக்கு நாம் சொல்வதைவிட, செய்வதே பாடமாகிறது. கைப்பேசியைப் பூட்டும் ஆசிரியரையும், கேட்டு உறுதிசெய்யும் பெற்றோரையும் பார்த்து வளரும் பிள்ளை, அவற்றைத் தானே கற்றுக்கொள்ளும். இன்றே தொடங்குவோம்.