கோணங்கிப் பழக்கம்

எனக்குச் சில கோணங்கிப் பழக்கங்கள் உண்டு. டீக்கடையில் குடித்து முடித்ததும் கிளாசைக் கழுவி வைத்துவிட்டுத்தான் நகர்வேன். சில்லறை வாங்கும்போது ஒரு கையை நீட்ட வராது. ரெண்டு கையையும் குழித்துத் தாழ்வாக ஏந்துவேன். தெரியாத தெருவுக்குள் நுழைந்தால் கண் தானாகக் காலில் கிடக்கும் செருப்புக்குப் போகும். எம்.ஏ. படிக்கும்போது விடுதி நண்பர்கள் என்னைச் 'சுத்தக்காரன்' என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

சின்ன வயசுப் பழக்கம் என்றால் விரல் சூப்புவது, பல்பம் தின்பது என்றுதான் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். நானும் பல்பம் தின்றவன்தான். எங்கம்மா வறுத்துக் கொடுத்த ஈசலை டவுசர் பாக்கெட்டில் ரொப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன்தான். அதெல்லாம் என்னுடையவை. ஆனால் மேலே சொன்ன மூன்றும் என்னுடையவை அல்ல. ஊர் என் உடம்பில் போட்டுவிட்டவை.

1990களின் கடைசியில்கூட எங்கள் ஊர் டீக்கடையில் சேரிக்குக் கிளாஸ் வேறு. கூரையில் செருகியிருக்கும். நாமே எடுத்துக் கழுவி, டீயை வாங்கிக் குடித்து, மறுபடி கழுவிச் செருகவேண்டும். மளிகைக் கடையில் சில்லறையைக் கையில் தரமாட்டார்கள். மேலேயிருந்து போடுவார்கள். பிள்ளைகள் நாங்கள் அதை விளையாட்டாக்கிக்கொண்டோம். காசை மண்ணில் விடாமல் பிடிக்கிறவன் கெட்டிக்காரன். நான் ரொம்பக் கெட்டிக்காரன். இழிவு இப்படித்தான் வலி தெரியாமல் உள்ளே போகிறது. ஊர்த்தெரு முனை வந்ததும் எங்கம்மா சொல்லும்: "செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கடா. ஆண்ட பாத்தா திட்டுவாரு."

அம்பேத்கர் தன் பள்ளிக்கூட நாட்களை எழுதியிருக்கிறார். சதாராவில் அவர் உட்காரத் தனியாக ஒரு கோணிச்சாக்கு. பள்ளியைக் கூட்டுகிற ஆள்கூட அதைத் தொடமாட்டார். அதனால் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லையென்றால் தாகம்தான். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல்தான் இந்தக் குறிப்புகள் நூலாக வந்தன. தினமும் சாக்கைச் சுமந்துபோகிற அந்தப் பையனைக் காரணம் தெரியாதவன் பார்த்திருந்தால் 'வினோதமான பிள்ளை' என்றுதான் நினைத்திருப்பான்.

1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. கடையில் இருக்கும் பாத்திரத்தைப் புழங்கவிடாமல் தடுப்பது குற்றம் என்று 1955லேயே சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. வழக்குப் போட்டால் சட்டம் கடைக்காரனைப் பிடிக்கும். என் கையை அது என்ன செய்யும்?

என் மகளுக்கு ஆறு வயசு. நகரத்தில் பிறந்தவள். போன மாதம் டீக்கடையில் பால் குடித்துவிட்டுத் தன் கிளாசைக் கழுவப் போனாள். "அதெல்லாம் வாணாம் பாப்பா, வச்சிட்டுப் போ" என்றார் கடைக்காரர். "எங்கப்பா கழுவறாரே" என்றாள் அவள். அவளுக்கு யாரும் தனிக் கிளாஸ் கொடுத்ததில்லை. யாரும் மேலேயிருந்து காசு போட்டதில்லை. ஆனாலும் ஊர் என் கை வழியாக அவளிடம் வந்துவிட்டது.

இப்போது கிளாசைக் கழுவாமல் வைத்துவிட்டு வரப் பழகுகிறேன். கேட்கச் சின்ன விஷயம். செய்து பார்த்தால்தான் தெரியும், கை எப்படிக் குறுகுறுக்கிறது என்று.

தோழர்களே, நிலத்தைப் பற்றி, கூலியைப் பற்றி, வழக்குகளைப் பற்றி எழுதுகிறோம். எழுதவேண்டியவைதான். கூடவே இந்தப் பழக்கங்களையும் எழுதுங்கள். நாற்காலியின் நுனியில் உட்காருவது, பேரைச் சொன்னதும் அடுத்த கேள்விக்கு உடம்பு விறைப்பது, உங்களுக்கும் ஏதாவது இருக்கும். எது நம்முடையது, எது ஊர் போட்டது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். ஈசலை நாம் வைத்துக்கொள்வோம். கிளாசைக் கடைக்காரரே கழுவட்டும்.