பத்து ரூபா பணக்காரன்!

3-ம் தேதி உங்க பாக்கெட்ல இருக்கிற 10 ரூபாயும், 28-ம் தேதி இருக்கிற 10 ரூபாயும் ஒரே மதிப்புதான்னு எகனாமிக்ஸ் சார் சொன்னா நம்பாதீங்க பாஸ்! 3-ம் தேதி அது பஸ்ல கீழே விழுந்தா, குனியலாமா வேணாமான்னு யோசிப்போம். 28-ம் தேதி அதே 10 ரூபாயைத் தேடி, பழைய பேன்ட் பாக்கெட், சோப்பு டப்பா, ரெக்கார்டு நோட்டு அட்டைன்னு ஒரு ரெய்டே நடத்துவோம். ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

நான் மதுரையில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவன். அம்மா ஊர்ல பூ கட்டி விக்கிறாங்க. அதனால எப்ப ஊருக்குப் போனாலும் அவங்க கொடுக்கிற செலவுக்காசு பூராவும் 10 ரூபா நோட்டாவே இருக்கும். 300 ரூபாய் கொடுத்தாலும் ஏதோ லட்ச ரூபாய் மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு, மல்லிகை வாசத்தோட வரும். பிரிச்சு எண்ணும்போதெல்லாம் ரூம்ல ஒரு குரல் கேட்கும்... ‘‘எந்தக் கோயில் உண்டியல்டா மாப்ளே?’’

கேட்டவன் என் ரூம்மேட். அவன் பர்ஸ்ல 500 ரூபாய்க்குக் கீழே எதுவும் குடியிருக்காது. சொந்தமா பைக் வேற!

2016 அக்டோபர். செமஸ்டர் ஃபீஸ் 1,180 ரூபாய், மறுநாள் கடைசித் தேதி. அப்பா எங்கெங்கேயோ புரட்டி என் அக்கவுன்ட்ல 1,200 போட்டுட்டார். 20 ரூபாய் லாபம், ஒரு வடை நிச்சயம்னு கணக்குப் போட்டுக்கிட்டே ஏ.டி.எம். போனா... பேலன்ஸ் 1,027 ரூபாய் 50 காசு! மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்கு அபராதம் 150, அதுக்குச் சேவை வரி 15 சதவிகிதம், ஆக மொத்தம் 172 ரூபாய் 50 காசு அவுட்! அது எந்த பேங்க்னு கேட்காதீங்க, அபராதம் பத்தின எஸ்.எம்.எஸ். மட்டும் இன்னும் மனப்பாடமா இருக்கு. காசில்லாததுக்கு அபராதமா காசு கேட்கிற ஒரே இடம் அதுதான். 25 காசே 2011 ஜூன் 30-லேர்ந்து செல்லாமப் போச்சு. ஆனா, இவங்க அந்த 50 காசைக்கூட விடாம வெட்டியிருந்தாங்க பாருங்க, அந்தக் கடமை உணர்ச்சிக்குத் தலை வணங்கணும்!

அபராதம் போட்டே அக்கவுன்ட்டை மைனஸ்ல தள்ளக் கூடாதுன்னு 2015 ஏப்ரல்லேர்ந்து ரிசர்வ் வங்கி ரூல் இருக்கு. அதாவது, ஜீரோ வரைக்கும் துடைக்கலாம், அதுக்குக் கீழே தோண்டக் கூடாது!

மிஷின் 1,000 ரூபாய் துப்புச்சு. மிச்சம் 27 ரூபாய் 50 காசு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற மியூசியம் பீஸ் மாதிரி... பார்க்கலாம், தொட முடியாது. இன்னும் 180 வேணும். அந்த நேரம் பார்த்து அம்மா போன். ‘‘காசு இருக்காடா?’’ ‘‘இருக்கும்மா.’’ வேற என்ன சொல்றது? அப்பா யார்கிட்ட வாங்கி அந்த 1,200-ஐப் போட்டார்னு எனக்குத் தெரியுமே.

நான் போனை வைக்கும்போது ரூம்மேட் கட்டில்ல படுத்துக் கிடந்தான். ஒண்ணும் கேட்கலை. காலையில என் ரெக்கார்டு நோட்டுக்குள்ள 200 ரூபாய் இருந்துச்சு. ‘எப்படா தருவே?’னு அவனும் கேட்கலை. அதான் பிரச்னையே! கேட்கிறவன்கிட்ட ‘நாளைக்கு’ன்னு சொல்லி ஒரு மாசம் ஓட்டலாம். கேட்காதவன் கடன்தான் ராத்திரி தூங்க விடாது.

அப்புறம் வந்துச்சு நவம்பர் 8. ராத்திரி எட்டு மணிக்கு டி.வி-யில அறிவிப்பு. நள்ளிரவுலேர்ந்து 500, 1,000 செல்லாது! விஷயம் தெரியாம நாங்க இட்லிக் கடையில தட்டைக் காலி பண்ணிட்டு உட்கார்ந்திருக்கோம். ரூம்மேட் ஸ்டைலா 500-ஐ நீட்டினான். ‘‘தம்பி, டி.வி பார்க்கலையா?’’ன்னார் கடைக்கார அண்ணாச்சி. அவன் பர்ஸைத் துழாவுறான்... நாலும் 500! பக்கத்து டேபிள்லயும் அதே கதை. மெதுவா என் பேன்ட் பாக்கெட்லேர்ந்து ரப்பர் பேண்ட் கட்டை எடுத்தேன். முந்தின நாள்தான் ஊர்லேர்ந்து வந்திருந்தேன். 32 நோட்டு, மல்லிகை வாசத்தோட! கடையே திரும்பிப் பார்த்துச்சு. வாழ்க்கையில முதல் தடவையா ‘‘நான் கொடுத்துக்கிறேன்டா’’ன்னு சொன்னேன். அந்த வாரம் பூரா அவனுக்கு டீ, இட்லி, பஸ் டிக்கெட் எல்லாம் அம்மாவோட பூக்கடை ஸ்பான்சர்! 180-க்கு மேலேயே செலவாகியிருக்கும். அவனும் கணக்குப் பார்க்கலை, நானும் பார்க்கலை.

அதே 2016-லதான் யு.பி.ஐ-யும் வந்துச்சு. இப்போ உங்க அக்கவுன்ட்ல கிடக்கிற 27 ரூபாய் 50 காசையும் டீக்கடையில கடைசிச் சொட்டு வரை வழிச்சு எடுத்துடலாம். என்ன, ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ன்னு கடைப் பெட்டி தெருவுக்கே அறிவிக்கும். நம்ம மானம் போனா போகட்டும். ‘சில்லறை இல்லை மச்சி’ங்கிற நம்ம பரம்பரைச் சாக்கும் போச்சே, அதுதான் எனக்கு வருத்தம்!

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா கேளுங்க. மினிமம் பேலன்ஸே தேவையில்லாத ‘பேசிக் சேவிங்ஸ்’ அக்கவுன்ட்னு ஒண்ணு எல்லா வங்கியிலயும் உண்டு. கவுன்ட்டர்ல வாய் விட்டுக் கேளுங்க, தானா சொல்ல மாட்டாங்க. அதே வங்கியில வேற சேவிங்ஸ் அக்கவுன்ட் வெச்சுக்க முடியாது, அவ்வளவுதான். தவிர, ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்லயும், கனரா வங்கி 2025 ஜூன்லயும், இந்தியன் வங்கி 2025 ஜூலையிலயும் சாதா சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கே இந்த அபராதத்தைத் தூக்கிட்டாங்க. உங்க பாஸ்புக் எந்த பேங்க்னு ஒரு தடவை பார்த்து வெச்சுக்குங்க.

என் தங்கச்சி இப்போ திருநெல்வேலியில படிக்கிறா. போன மாசம் 27-ம் தேதி போன் பண்ணி, ‘‘காசு இருக்காம்மா?’’ன்னு கேட்டேன். ‘‘இருக்குண்ணே’’ன்னா. அந்த ‘இருக்கு’ எந்த ‘இருக்கு’ன்னு எனக்குத் தெரியாதா என்ன? போனை வெச்சுட்டு 200 ரூபாய் தட்டிவிட்டேன். பதில் ஒண்ணும் வரலை. அரை மணி நேரத்துல அவ ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ... ரெண்டு பரோட்டா, சால்னா, பக்கத்துல இன்னொரு பொண்ணோட தட்டு!