உதிரியும் சரமும்

வீட்டுக் கணினியை யாரும் பின்தொடராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களின் வீட்டுக்குப் போனால், நான் முதலில் கணினியைத் திறப்பதில்லை. ரவுட்டர் எங்கே என்று கேட்டு, அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை பலகை ஒன்றை மாட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுவேன். அந்த நாட்களில் அது எதையும் தடுக்காது. இந்த வீட்டுக் கருவிகள் வெளியே யார் யாரைத் தேடுகின்றன என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மாட்டுவதற்கு முன் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிவிடுவேன். கோவையில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். எந்த வீட்டில் எது கசிகிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்க எனக்கு மனம் வராது.

அந்தப் பலகை குறித்துக்கொள்வது டிஎன்எஸ் கேள்விகளை. ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி எது என்று கணினி யாரிடமாவது கேட்டாக வேண்டும். இந்த ஏற்பாட்டை பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது 1983இல். ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே இணைந்திருந்த சிறிய உலகம் அது. கேள்வியும் பதிலும் வழியில் இருக்கும் எவரும் படிக்கும்படி திறந்தே போயின. இன்றும் நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான், நெட் கொடுக்கும் நிறுவனத்தின் சர்வருக்குத் திறந்த மேனியாகப் போகின்றன. பக்கத்தில் என்ன படித்தோம் என்பது அந்தக் கேள்வியில் இருக்காது. எந்த மருத்துவமனை, எந்த வங்கி, எந்த வரன் பார்க்கும் தளம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இருக்கும்.

பட்டியலை வீட்டாரோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன். அவர்கள் சந்தேகப்படுவது கணினியை. அடிக்கடி முன்வரிசையில் நிற்பது டிவி. "ஏனுங்க தம்பி, பத்து மணிக்கே அணைச்சுட்டுப் படுத்துட்டமே, ரெண்டு மணிக்கு இது யாருகூடப் பேசுது?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார். "ரிமோட்ல அணைச்சா திரைதானுங்க டீச்சர் அணையுது, உள்ள இருக்கற கம்ப்யூட்டர் முழிச்சுட்டுத்தான் இருக்கும்" என்றேன். சில ஸ்மார்ட் டிவிகள் அதற்கும் மேலே போகின்றன. திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளை அவ்வப்போது எடுத்து அனுப்பி, நாம் பார்ப்பது எந்த நிகழ்ச்சி என்று அடையாளம் காண்கின்றன. செட்டாப் பாக்ஸில் வந்தாலும் பென்டிரைவில் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். அமெரிக்காவில் விஸியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில், பார்ப்பவரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் அதை முடித்துக்கொண்டது. செட்டிங்ஸில் 'பார்வைத் தகவல்' என்ற பொருளில் ஏதாவது ஒரு பெயரோடு ஒளிந்திருக்கும் அந்த வசதியை அணைப்பது என் முதல் வேலை. கேபிள் மட்டும் பார்க்கிற வீடு என்றால் டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டே கொடுக்க வேண்டாம் என்பேன்.

பட்டியலைப் பார்த்து முடித்ததும் பலர் சொல்வது ஒன்றே: "இதுல மறைக்க என்னங்க இருக்கு?" தனித்தனியாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். இரவு பத்தேகாலுக்கு ஒரு சமையல் தளம், காலையில் ஒரு ரயில் டிக்கெட், இவை உதிரிப்பூ. பின்தொடர்வோரின் திறமை முழுவதும் இவற்றைச் சரமாகக் கட்டுவதில் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆறரை லட்சம் பேரின் சுமார் இரண்டு கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்கு என்று வெளியிட்டது. பெயர்களை நீக்கிவிட்டு ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தது. ஓர் எண்ணுக்குக் கீழே இருந்த தேடல்களைச் சேர்த்துப் படித்தே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாளில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், தோட்ட வேலைக்கு ஆள், நோய்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. நோய்கள் அவருடையவை அல்ல, தோழிகளுக்காகத் தேடியவை. கட்டப்பட்ட சரம் உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதை வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவுகட்டுகிறவர் அவரிடம் வந்து சரிபார்க்கப் போவதில்லை.

அதனால் நான் வீட்டை மறைக்க முயல்வதில்லை. ஒரு பூவை அடுத்த பூவோடு கட்டும் நார் எங்கெங்கே ஓடுகிறது என்று பார்த்து அங்கே அறுக்கிறேன்.

அதிகம் நார் ஓடும் இடம் பிரவுசர். லூ மொன்டுல்லி 1994இல் நெட்ஸ்கேப்பில் குக்கீயைக் கொண்டுவந்தது, வந்தவரைத் தளம் நினைவில் வைத்துக்கொள்வதற்காக. அது தேவையான வசதி. சிக்கல், நாம் போன தளத்தின் பக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆளின் குக்கீயில் தொடங்குகிறது. ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களுக்குள் உட்கார்ந்தால், ஆயிரம் இடத்திலும் அதே அடையாளச் சீட்டை நம்மிடம் காண்கிறது. சஃபாரி 2020 மார்ச்சில் இவற்றை அடியோடு நிறுத்தியது. ஃபயர்பாக்ஸ் 2022இலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஜாடி வைத்து, ஒன்றின் குக்கீயை இன்னொன்று பார்க்க முடியாமல் செய்துவிட்டது. இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுவோம் என்று 2020இல் அறிவித்த கூகுள் குரோம், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்தின் பிரவுசரில் இந்த நாரை அறுப்பது நம் கையில்தான் இருக்கிறது. நான் வீடுகளில் வைத்துக் கொடுப்பது ஃபயர்பாக்ஸும், ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியும். கண்காணிக்கும் தளங்களோடு பக்கம் பேசுவதையே அது தடுக்கிறது. குரோமில் அதன் முழு வடிவம் இப்போது ஓடுவதில்லை. 'லைட்' என்ற குறைந்த வடிவம்தான் ஓடுகிறது.

இதோடு ஒரு பழக்கமும் சொல்லிக் கொடுப்பேன். வங்கி, ஜிமெயில், முகநூல் என்று பெயர் சொல்லி உள்ளே நுழையும் வேலைக்கு ஒரு பிரவுசர். சும்மா தேட, படிக்க, விலை பார்க்க இன்னொன்று. எவ்வளவு நல்ல கருவி போட்டாலும் ஒரே பிரவுசரில் கூகுள் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு தேடினால் நாமே பெயரெழுதிக் கொடுத்தது போலத்தான். இதற்குச் செலவு கிடையாது. என் கணக்கில், நான் செய்யும் மற்ற எல்லா வேலையையும்விட இந்தப் பழக்கம் அதிகம் காப்பாற்றுகிறது.

இன்காக்னிட்டோ ஜன்னலை மலைபோல் நம்பும் வீடுகள் நிறைய. அதை மூடியதும் நம் கணினியில் தடம் அழியும், அதுவரை உண்மை. நெட் கொடுப்பவருக்கும் தளத்துக்கும் நாம் அப்போதும் அதே வீடுதான். இது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், இன்காக்னிட்டோவில் இருந்தவர்களிடம் சேர்த்த பதிவுகளை அழிப்பதாக கூகுள் 2024இல் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

குக்கீ இல்லாமலும் அடையாளம் காண முடியும் என்பது இந்தத் தொழிலில் என்னை மிகவும் யோசிக்கவைக்கும் விஷயம். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், பிரவுசரின் பதிப்பு இவற்றை அடுக்கினாலே ஒரு கைரேகை கிடைத்துவிடுகிறது. மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையின் பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் லட்சக்கணக்கான பிரவுசர்களைச் சோதித்தபோது அவற்றில் 83.6 சதவீதம் வேறெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன. ஆகவே பாதுகாப்புக்கு என்று பத்து நீட்சிகளை ஏற்றிவைத்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்றிரண்டு போதும், மற்றதைக் கழற்று தம்பி என்பேன். அதிகம் பூட்டுகிறவர் கூட்டத்தில் தனியாகத் தெரிகிறார். டார் பிரவுசர் எதிர்த்திசையில் யோசித்துச் செய்யப்பட்டது. அதைப் பயன்படுத்தும் எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. தினசரி வேலைக்கு அது மெதுவாக இருக்கும், வீட்டுக்கு நான் அதைப் போடுவதில்லை. அந்த எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரவுட்டர் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆலையிலிருந்து வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது, மென்பொருளைப் புதுப்பிப்பது, எட்டு இலக்க எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைப்பது. அந்த எண்ணைப் பதினோராயிரம் முயற்சிக்குள் கண்டுபிடிக்கலாம் என்று 2011 கடைசியிலேயே வெளிவந்துவிட்டது. 2016இல் மிராய் என்ற நிரல், ஆலை பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகெங்கும் வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கேமரா, டிவி, பேசும் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விருந்தினர் வைஃபையில் தள்ளிவிட்டுக் கணினிகளையும் போன்களையும் தனியே வைப்பேன். வைஃபையின் பெயரில் வீட்டுக்காரர் பெயரோ கதவு எண்ணோ வேண்டாம். பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு 'நோமேப்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால், வைஃபை அலையை வைத்து இடம் கண்டுபிடிக்கும் தன் பட்டியலில் அந்த ரவுட்டரைச் சேர்ப்பதில்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது, நான் சேர்த்துவிடுகிறேன்.

ரவுட்டரில் நான் நின்று பார்ப்பது ஐபி முகவரியை. பழைய நான்காம் பதிப்பு முகவரிகள் போதாமல் நம் ஊர் நிறுவனங்கள் பல, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. கேம் விளையாடுகிற பையன்களுக்கு இது தொல்லை, பின்தொடர்வோருக்கும் தொல்லை. ஆறாம் பதிப்பில் அந்தத் தட்டுப்பாடு இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரியே கிடைக்கிறது. அதன் பின்பாதியில் கருவியின் மாறாத வன்பொருள் எண்ணைச் செருகுவது ஆரம்ப கால வழக்கம். அப்படிச் செய்தால் வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த எண் கூடவே வரும். 2001லேயே மாற்று வழி வகுக்கப்பட்டுவிட்டது. இன்றைய விண்டோஸும் போன்களும் அந்தப் பாதியை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. ஆனால் பழைய வழக்கத்தில் நிற்கும் கருவி ஒன்று வீட்டில் இருந்தால் போதும். நெட் நிறுவனம் முன்பாதியை மாற்றிக் கொடுத்தாலும், அந்த ஒரு கருவியின் மாறாத பின்பாதியைப் பார்த்து, இது நேற்றைய அதே வீடு என்று சொல்லிவிடலாம். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து அது ஒன்றே நாராகிவிடுகிறது. முகவரியின் பின்பாதி நடுவே 'எஃப்எஃப்எஃப்ஈ' என்ற எழுத்துகள் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு கருவியாகப் பார்ப்பேன். தெரிந்தால் அந்தக் கருவிக்கு ஆறாம் பதிப்பை அடைத்துவிடுவேன்.

அப்படியானால் ஒரு விபிஎன் போட்டுவிடலாமே என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். விபிஎன் போட்டால் நெட்காரர் பார்த்ததை இனி விபிஎன்காரர் பார்ப்பார். நம்பிக்கை இடம் மாறுகிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. வெளிநாட்டு நிறுவனங்கள் சில, இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. ரயில்நிலைய வைஃபையில் வேலை பார்ப்பவருக்கு விபிஎன் உதவும். இலவசமாகக் கிடைக்கும் விபிஎன்னை எந்த வீட்டிலும் நான் விட்டுவைத்ததில்லை. அதை நடத்தும் செலவை யாரோ எதிலிருந்தோ எடுத்தாக வேண்டும்.

டிஎன்எஸ்ஸிலும் இதே கணக்குத்தான். 2018இல் தரமாக்கப்பட்ட முறைப்படி கேள்விகளைக் குறியாக்கி குவாட்9 போன்ற ஒன்றுக்கு அனுப்புகிறேன். அது ஸ்விட்சர்லாந்தில் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு. வழியில் இருப்பவர் இனி கேள்வியைப் படிக்க முடியாது. இருந்தும் இணைப்பைத் தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் இன்னொரு முறை திறந்தே போகிறது என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவிடுவேன். பூட்டிவிட்டேன் என்று சொல்லி அவர்களுக்குப் பொய்யான தைரியம் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்தப் பலகையில் இருக்கும் பை-ஹோல் என்ற நிரலிடம் தடுக்கும் வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். விளம்பர, கண்காணிப்புத் தளங்களின் பெயரைக் கேட்டால் அது முகவரி தராது. சில கருவிகள் ரவுட்டர் சொல்வதைக் கேட்காமல் நேரே கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8ஐத் தேடிப் போகும்; 53ஆம் வாசல் வழியாகப் போகும் எல்லாவற்றையும் பலகைக்கே திருப்பிவிடும்படி ரவுட்டரில் விதி எழுத வேண்டும். யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது, படமும் விளம்பரமும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. தடுப்புப் பட்டியலை நான் கடுமையாக வைப்பதில்லை. கேஸ் புக் பண்ணும் ஆப் ஒரு நாள் திறக்காவிட்டால் அந்த வீட்டு அம்மா பலகையின் வயரையே பிடுங்கிவிடுவார், அவர் மேல் தப்பில்லை. ஐந்து நிமிடம் தடையை நிறுத்தும் பொத்தானைச் சமையலறையில் இருப்பவருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன்.

கிளம்பும் நேரத்தில் சில அப்பாக்கள் வாசல் வரை வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "பொண்ணு என்ன பார்க்கறான்னு இதுல தெரியுமுங்களா?" தெரியும். எந்தப் போன், எந்தத் தளம், எத்தனை மணி என்று வரிசையாகத் தெரியும். வெளியாரிடம் இருந்த சரத்தை அறுத்து வீட்டுக்குள்ளேயே கட்டிக் கொடுக்கும் வேலைக்கு நான் வரவில்லை. சின்னக் குழந்தைக்கு ஆகாத தளங்களை அடைக்க வேண்டும் என்றால் அடைத்துத் தருகிறேன், அதற்குப் பதிவேடு தேவையில்லை. பை-ஹோலில் அந்தரங்க நிலை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்தால் தளத்தின் பெயரையும் கருவியின் பெயரையும் விட்டுவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளும். "உங்க பொண்ணுக்கும் அது தெரியணுமுங்க, வாங்க" என்று அவரை மறுபடி உள்ளே கூட்டிவந்து, எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் கண்முன் அந்த நிலையை மாற்றி, முதல் மூன்று நாள் பதிவுகளையும் அழித்துவிட்டு, அட்மின் பாஸ்வேர்டை அவர்களையே புதிதாகப் போடச் சொல்கிறேன். அதைத் தட்டும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை.