இடுப்பு வலி என்று வருகிறவர்கள்

கொல்லிமலையில் என்னிடம் வரும் பெண்கள் யாரும் அந்த விஷயத்தை அதன் பெயரில் சொன்னதில்லை. "இடுப்பு வலி நர்சம்மா", "வெள்ளைப்படுது", "உடம்பு சூடு", "ராத்திரியில தூக்கமே இல்ல". கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த புதிதில் சொன்னதற்கெல்லாம் மாத்திரை கொடுத்தேன். வாங்கிப் போனவள் அடுத்த மாதமும் அதே வலியோடு வந்து நிற்பாள். அந்த வலிக்குப் பின்னால் தாம்பத்தியத்தில் ஒரு சிக்கல் இருக்கக்கூடும் என்று காதில் விழவே எனக்குப் பல வருஷம் பிடித்தது.

காதைத் திறந்துவிட்டவள் ஒரு மிளகு பறிக்கும் பெண். தை மாதம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அவள் முன்னால், நான் பின்னால். ஒற்றையடிப் பாதையில் ஒரு வசதி உண்டு: முகத்தைப் பார்க்காமல் பேசலாம். "அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு கிட்ட வந்தாலே எரியுது நர்சம்மா. மொளகாத் தூள் போட்ட மாதிரி. அவரு என்னமோ எனக்கு அவரைப் புடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டாரு." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். வயது முப்பத்தேழு.

வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியிலிருந்து ரேஷன் அட்டையோடு மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதிக ரத்தப்போக்குக்காக அடிவாரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும். இரண்டாவது விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால், ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஒரே நாளில் விழுந்துவிடும். பிறப்புறுப்பு வறண்டு, தோல் மெலிந்து, உறவின்போது எரியும். சிறுநீர் போனாலும் எரியும். அவளுக்குப் புருஷன் மேல் வெறுப்பும் இல்லை, உடம்பில் சூடும் இல்லை. அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் பரிசோதித்து, தடவுகிற ஹார்மோன் களிம்பு எழுதிக் கொடுத்தார். எரிச்சல் குறைய சில வாரம் ஆனது. அவள் புருஷனுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

கர்ப்பப்பையை எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ரத்தப்போக்கும் வலியும் நின்றதும் தாம்பத்தியம் முன்னைவிட நன்றாக அமைந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த மலையில் முடிவெடுப்பதில் தூரத்துக்கும் பங்கு இருக்கிறது. அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் கூலி போச்சு. "மறுபடி மறுபடி எறங்க முடியாதுங்க, ஒரேயடியா எடுத்துடுங்க" என்று பெண்களே கேட்கிறார்கள். மாத்திரைக்கு நாலு தடவை வரவேண்டும். ஆபரேஷனுக்கு ஒரு தடவை போதும் என்பது அவர்கள் கணக்கு.

கருத்தடையிலும் அதே கணக்குதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. "ஆம்பளைக்குப் பண்ணினா மலையேற முடியாது, மூட்டை தூக்க முடியாது" என்கிறார்கள். விந்தணு போகும் குழாயைத்தான் கட்டுகிறோம், தெம்பு தரும் ஹார்மோன் ரத்தத்தில் போகிறது என்று படம் வரைந்து காட்டுவேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். விறகுச் சுமையை யார் தூக்குகிறார்கள் என்று நான் கேட்பதில்லை; கேட்டால் அடுத்த முறை கதவு திறக்காது.

பெண்ணுக்குக் குழாயைக் கட்டினாலும் ஹார்மோன் மாறாது, ஆசையும் போகாது. கரு நின்றுவிடுமோ என்ற பயம் போனதும் நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா கருத்தடை ஊசி வேறு மாதிரி. சிலருக்கு நாள் கணக்கில் விட்டு விட்டு ரத்தம் படும். அத்தனை நாளும் பாய் தனியாகப் போய்விடும். இதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு வறட்சி இருக்கும் என்பதையும், அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் ஆணுறை கிழியும் என்பதையும் பிரசவ வார்டில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு அம்மா. "அடி எறங்கிருச்சு" என்பதை, அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்ததை, பதினோரு வருஷம் மறைத்திருந்தார். புருஷனோடு சண்டை போட்டுத் தனியாகப் படுக்கிறார் என்றே ஊர் நினைத்தது. பிரசவமாகி ஒரு மாதத்துக்குள் சுமை தூக்கியவர். கர்ப்பப்பையைத் தாங்கும் வளையம் வைத்த மறுநாளே தினைக்காட்டுக்குப் போனார். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி விடுகிற பயிற்சியை இளம் தாய்மார்களுக்கு இப்போது அவரே சொல்லித் தருகிறார்.

கேட்பதும் ஒரு தொழில். மாமியார் இருக்கும் வீட்டில் கேட்கக்கூடாது. "சந்தோஷமா இருக்கியா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி, இருவர் கண்ணும் மீட்டரில் இருக்கும்போது, "வீட்டுக்காரரோட இருக்கறப்ப வலி, எரிச்சல் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டால் போதும். சத்து மாத்திரை எத்தனை, தடுப்பூசி எத்தனை என்று என் ரிஜிஸ்டரில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இந்தக் கேள்விக்கு இல்லை. பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மருந்தில் தீராதா? சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்? அப்புறம் தாம்பத்தியம் எப்படி இருக்கும்? மூன்றாவதைக் கேட்க வெட்கமாக இருந்தால், சீட்டில் எழுதி நீட்டுங்கள்.